கண்மாய்க்கரையில் இத்தனை சத்தம்

என் அன்பான என்னங்க,

முதலில் உங்களைத் திட்டிவிடுகிறேன். நலம் விசாரிப்பதெல்லாம் பிறகு. இரண்டு வருஷமாகத் திட்ட வேண்டியதைத் தொண்டையில் வைத்துக்கொண்டு திரிகிறேன். இனியும் வைத்துக்கொண்டிருந்தால் எனக்குத்தான் கேடு.

நினைவு நாளுக்கு உங்கள் படத்தைப் போட்டு, கீழே நாலு வரி எழுதிப் பேப்பரில் கொடுக்கலாம் என்று அப்பா சொன்னார். பிரிவால் வாடுகிறோம் என்று அவரே எழுதியும் கொண்டுவந்திருந்தார். வாங்கிப் படித்துவிட்டு, “நான் வாடலப்பா, கொதிச்சுக்கிட்டு இருக்கேன்” என்றேன். அவர் காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸில் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போய்விட்டார். நாலு வரியில் அடங்குகிற ஆளா நீங்கள்? அதனால்தான் இந்தக் கடிதம். உங்களுக்குத்தான் எழுதுகிறேன். ஊரும் படிக்கட்டும். ஊருக்கும் இதில் பங்கு இருக்கிறது.

வீட்டுச் செய்தி சொல்கிறேன். கோதை நாலாம் வகுப்புக்குப் போகிறாள். கணக்கில் உங்களைப் போல, வாயில் என்னைப் போல. நான் பேண்டேஜ் துணி மடிக்கிற கம்பெனியில் சேர்ந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. காலை எட்டரைக்கு உட்கார்ந்தால் சாயங்காலம் வரைக்கும் கண்ணுக்கு முன்னால் வெள்ளைத் துணிதான். டவுன் பஸ் இப்போது நம் தெரு முனையிலேயே நிற்கிறது. பக்கத்து வீட்டில் டி.வி. வாங்கிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆனால் தெருவே அங்கேதான் கிடக்கிறது. நான் மட்டும் போவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை நான் எங்கே போகிறேன் தெரியுமா? உங்கள் தூண்டிலை எடுத்துக்கொண்டு கண்மாய்க்குப் போகிறேன். ஆமாம், நானேதான். மீன் வாடை பட்டாலே முந்தானையால் மூக்கைப் பொத்துகிற பத்மாதான்.

நினைவிருக்கிறதா, கல்யாணமாகி முதல் வாரம், நீங்கள் மூங்கில் கம்பும் கையுமாகக் கிளம்பியபோது நான் அழுதேனே. ஆண்டாள் கோயிலுக்குப் பூக்கட்டிக் கொடுக்கிற வீட்டில் பிறந்தவள் நான். எங்கள் வீட்டு அடுப்பில் மீன் சட்டி ஏறியதே கிடையாது. என் அழுகையைப் பார்த்து நீங்கள் வாசலிலேயே நின்றுவிட்டீர்கள்.

“ஏட்டி, மீனு வீட்டுக்கு வராது. மாடசாமிட்டக் குடுத்துருவேன். எனக்கு மீனு வேண்டாம். அங்க போயி செத்த நேரம் உக்காரணும், அம்புட்டுதான்.”

சொன்னபடியே செய்தீர்கள். எட்டு வருஷத்தில் ஒரு கெண்டைக் குஞ்சுகூட நம் வாசற்படி தாண்டி வந்ததில்லை. பிடித்ததையெல்லாம் உங்கள்கூட நூல் மில்லில் வேலை பார்த்த மாடசாமிக்குக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வருவீர்கள். மண்புழுவைக் குத்துவதைக்கூட எனக்காக விட்டுவிட்டுக் கேப்பை மாவை உருட்டித் தூண்டில் முள்ளில் வைக்க ஆரம்பித்தீர்கள். (மாடசாமி என்பது அவர் சொந்தப் பெயர் அல்ல. கீழே அவர் மனைவியைச் செல்வி என்று எழுதப்போகிறேன், அதுவும் அப்படித்தான். உங்களுக்குப் புரியும். மில்லுக்குப் புரிய வேண்டாம்.)

மீன் வேண்டாதவர் எதற்காக மீன் பிடிக்கிறார் என்று ஒருநாள் கேட்டேன். ஸ்பின்னிங் ஹாலில் எட்டு மணி நேரம் நிற்கிறவனுக்குத்தான் அது தெரியும் என்றீர்கள். மெஷின் நின்ற பிறகும் மண்டைக்குள் அது ஓடிக்கொண்டே இருக்கும், சாப்பிடும்போதும் ஓடும், தூங்கும்போதும் ஓடும் என்றீர்கள்.

“தக்கையப் பாத்துக்கிட்டே இருக்கணும். தண்ணியப் பாக்கக் கூடாது, மீன நினைக்கக் கூடாது. அந்த மயிலிறகுத் தண்டு மட்டும் ஆடாம நிக்கும் பாரு, அத மட்டும் பாக்கணும். கொஞ்சம் கொஞ்சமா மண்டைக்குள்ள ஓடுற மெஷினு ஒண்ணொண்ணா நிக்கும். பொறவு நீயும் இருக்க மாட்ட, நானும் இருக்க மாட்டேன்.”

அந்தக் கடைசி வார்த்தை அன்றைக்கு எனக்கு அழகாக இருந்தது. பிற்பாடு அதையே நினைத்து நினைத்து வெந்தேன். அதற்கு வருகிறேன்.

அப்பாவுக்கு உங்களால் பெருமை தாங்கவில்லை. “ரிஷிகள்லாம் தவத்துக்குக் காட்டுக்குப் போனாங்க, எங்க மாப்பிள்ளை கண்மாய்க்குப் போறாரு” என்று கோயில் வாசலில் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்வார். நாங்களும் அதைத் தவமாகவே வைத்துக்கொண்டோம். உங்கள் வார லீவு நாளில் வீட்டில் யாரும் சத்தமாகப் பேசக் கூடாது. கோதை ஏதாவது கேட்க ஓடிவந்தால் நான் பிடித்து இழுத்து அடக்குவேன். தூண்டிலோடு நீங்கள் படியிறங்கிவிட்டால் அடுப்பில் பால் பொங்கினாலும் பின்னாலிருந்து கூப்பிட மாட்டேன். கிளம்புகிற ஆளைப் பின்னால் கூப்பிடுவது ஆகாது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். மூன்று தடவை நீங்கள் மாவு டப்பாவை மறந்து போனீர்கள். ஒரு தடவைகூட நான் கூப்பிடவில்லை. டப்பாவைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து உங்கள் முன்னால் நின்று கொடுத்தேன். என்ன புத்திசாலித்தனம் பாருங்கள்.

வர வர நீங்கள் பேசுவது குறைந்தது. ரேடியோவைப் போடுவதில்லை. யாராவது வாசலில் வந்து நின்றால் நான்தான் போய்ப் பார்ப்பேன். தவம் முற்றிவிட்டது என்று வீட்டில் எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். ஆனால் நான் பேசினால் மட்டும் செய்கிற வேலையை விட்டுவிட்டு என் முகத்தையே பார்ப்பீர்கள். புளி வாங்க வேண்டும் என்று சொன்னால்கூட அப்படிப் பார்ப்பீர்கள். தெருவில் எந்தப் புருஷன் பெண்டாட்டி பேசும்போது முகத்தைப் பார்க்கிறான்? பேப்பரைப் பார்ப்பான், சுவரைப் பார்ப்பான். அந்த ஒன்றுக்காக நான் எவ்வளவு கர்வப்பட்டேன் என்று உங்களிடம் சொன்னதே இல்லை.

கடைசி இரண்டு மூன்று வருஷமாகக் கண்மாயிலிருந்து வந்ததும் ஒரே பேச்சுத்தான். “அங்க ஒரு சத்தம் கிடையாதுட்டி. காத்துச் சத்தம்கூடக் கிடையாது. அம்புட்டு அமைதி.” கேட்டுக்கொண்டே சோறு போடுவேன். அந்த அமைதியில் கொஞ்சம் எனக்கும் கிடைக்காதா என்று ஏங்கியிருக்கிறேன்.

அப்புறம் அந்த ஐப்பசி மாலை. மழை விட்டிருந்தது. கண்மாய்க்கரை சேறாகிக் கிடந்ததால் நீங்கள் தண்டவாளத்தின் மேலேயே நடந்திருக்கிறீர்கள். செங்கோட்டைப் பாசஞ்சர் வந்திருக்கிறது. தூரத்தில் தண்டவாள வேலையில் இருந்து பார்த்த கேங்மேன் போலீஸிடம் சொன்னதை என்னிடமும் சொன்னார். “அம்புட்டு நேரம் ஹாரன் அடிச்சாரும்மா டிரைவரு. நானும் இங்கருந்து கத்துனேன். அவிய திரும்பவே இல்ல.”

திரும்பவே இல்லை. அந்த ஒரு சொல் போதாதா ஊருக்கு? பதினாறாம் நாள் முடிவதற்குள் எல்லோரும் தீர்ப்பு எழுதிவிட்டார்கள். தண்ணீரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஆள், மனசு வெறுத்துப் போய்விட்டது என்றார்கள். வீட்டில் ஏதோ சரியில்லை போல என்று மில்லில் இருந்து வந்தவர்கள் காப்பி குடித்துக்கொண்டே என்னைப் பார்த்தார்கள். தவம் என்று கொண்டாடிய என் அப்பாவே, “ரொம்ப உள்ளுக்குள்ள போயிட்டாரோ என்னமோ” என்றார். நானும் நம்பினேன். அதை எழுதக் கை கூசுகிறது. நீயும் இருக்க மாட்ட, நானும் இருக்க மாட்டேன் என்று சொன்னவர்தானே என்று ஒரு வருஷம் முழுக்க நம்பினேன்.

அந்த ஒரு வருஷமும் உங்கள் படத்துக்கு நான் பூ வைக்கவில்லை. கோயிலுக்கே பூக்கட்டும் வீட்டுப் பெண், உங்களுக்கு ஒரு முழம் வைக்கவில்லை. எங்கள் இரண்டு பேரையும் வேண்டாம் என்று விட்டுப் போனவருக்கு எதற்குப் பூ?

முதல் திவசம் முடிந்த வாரம், கோதை பள்ளிக்கூடத்திலிருந்து வந்து பையைக்கூடக் கழற்றாமல் நின்றாள். கூடப் படிக்கிற பிள்ளை ஒருத்தி, “ஒங்கப்பா வேணும்னே ரயில்ல போய் விழுந்தாராமே” என்று கேட்டிருக்கிறாள்.

“அம்மா, நம்மளப் பிடிக்காமயா அப்பா போனாக?”

தோளிலிருந்து பையைக் கழற்றி வாங்கி ஆணியில் மாட்டினேன். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பரணில் வீசியிருந்த உங்கள் தூண்டிலை இறக்கினேன். எங்களைவிட அப்படி எது அங்கே உசத்தியாக இருந்தது, அதைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பினேன். வழியில் பார்த்தவர்களெல்லாம் எனக்கும் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்திருப்பார்கள். இரண்டு பேர் கொஞ்சதூரம் பின்னால் வந்தார்கள்கூட.

நீங்கள் உட்காரும் இடத்தை மாடசாமி ஒருமுறை சொல்லியிருந்தார், மடைக்கு வடக்கே இருக்கிற கருவேல மரத்தடி. போய் உட்கார்ந்தேன். மாவை உருட்டி முள்ளில் வைத்து, தூண்டில் நரம்பை வீசத் தெரியாமல் வீசி, தக்கையைப் பார்த்தேன்.

என்னங்க, எத்தனை சத்தம்! தண்ணீரில் முக்குளிப்பான் பறவைகள் கூட்டமாகச் சிரிப்பது போலக் கத்திக்கொண்டிருந்தன. எதிர்க்கரையில் துணி அடித்துத் துவைக்கிறார்கள், ஒவ்வொரு அடியும் மலையில் பட்டுத் திரும்பி வருகிறது. பின்னால் பம்புசெட் ஓடுகிறது. ஆட்டுக்காரர் ஹேய் ஹேய் என்று ஓயாமல் விரட்டுகிறார். ஏதோ கல்யாண வீட்டு ரேடியோ செட் வேறு. கருவேலங்காய் காற்றில் கலகலக்கிறது. இதிலே எங்கே அமைதி என்று நான் சுற்றிச் சுற்றிப் பார்க்கிறேன். இடம் மாறி உட்கார்ந்துவிட்டேனோ என்று எழுந்துபோய் மரத்தைப் பார்த்தேன். இடம் சரிதான்.

அப்போது ரயில் வந்தது. வளைவுக்கு அந்தப் பக்கம், கண்ணுக்கே தெரியாத தூரத்தில் ஹாரன் அடித்தது. தண்டவாளத்துக்கும் எனக்கும் நடுவே இரண்டு வயல் இருக்கிறது. ஆனாலும் நான் தூண்டிலைப் போட்டுவிட்டுத் துள்ளி எழுந்து நின்றேன். முக்குளிப்பான்கள் மொத்தமாகத் தண்ணீருக்குள் போய்விட்டன. சாக வேண்டும் என்று போகிறவனாக இருந்தாலும் அந்தச் சத்தத்துக்குத் தோள் ஒரு தடவை குலுங்கும். ஒரு தடவை திரும்பிப் பார்ப்பான். நீங்கள் திரும்பவே இல்லை என்றாரே கேங்மேன்.

கல்யாணமான புதிதில் நீங்கள் சொன்னதெல்லாம் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. முக்குளிப்பான் போட்ட கூச்சலில் மீனெல்லாம் ஓடிவிட்டது என்று எத்தனை நாள் எரிச்சலோடு வந்திருக்கிறீர்கள். துவைக்கிறவர்களோடு சண்டை போட்டதாகக்கூட ஒருநாள் சொன்னீர்கள். அந்தப் பேச்செல்லாம் எப்போது நின்றது? எப்போதிருந்து காற்றுச் சத்தம்கூட இல்லாமல் போனது?

வீட்டுக்கு ஓடிவந்து கோதையைக் கேட்டேன். “அப்பாவுக்குக் காது கேக்குமாட்டி?”

அவள் நோட்டில் இருந்து தலையைத் தூக்காமலே சொன்னாள். “தொட்டாத்தான் கேக்கும்.”

“ஒனக்கு எப்பிடித் தெரியும்?”

“எப்பவும் அப்பிடித்தான. முழங்காலத் தொட்டுட்டு, மூஞ்சிக்கு நேரா நின்னு சொன்னாக் கேக்கும்.”

“இத ஏன் நீ என்ட்ட சொல்லல?”

“நீ கேக்கலையேம்மா.”

அன்றைக்குச் சாயங்காலமே மாடசாமி வீட்டுக்குப் போய் அவரைக் கை காட்டி வாசலுக்கு வெளியே கூப்பிட்டேன். நான் கேட்டதும் அவர் தலை குனிந்துகொண்டார். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சொன்னார். “ரெண்டு மூணு வருசமாவே அண்ணனுக்குச் சுத்தமா விழாது மதினி. மில்லுல தெரிஞ்சா வேலைய விட்டு நிப்பாட்டிருவாகன்னு என்ட்டச் சத்தியம் வாங்கிட்டாரு.”

“செத்த பொறவுமா சத்தியம்? ஊரே அவரு தானா விழுந்தாருன்னு சொல்லும்போதும் வாயத் தொறக்கலையே நீரு!”

“சொன்னா எல்லாரையும் டெஸ்ட் பண்ணுவாக மதினி. என்னைய மாதிரி எத்தன பேரு குடும்பம்...” என்று இழுத்தார். என்னிடமும் சத்தியம் கேட்டார். கோதையிடமும் அப்பாவிடமும் மட்டும் சொல்லிக்கொள்கிறேன், வேறு எங்கும் பேச மாட்டேன் என்று நானும் கொடுத்துவிட்டு வந்தேன். அதற்காக என்னையும் இந்தக் கடிதத்தில் சேர்த்தே திட்டிக்கொள்கிறேன்.

இப்போது சொல்லுங்கள். யாரை நான் முதலில் திட்டட்டும்?

மில்லைத் திட்டட்டுமா? மலை மலையாகப் பஞ்சு குவித்து வைத்திருக்கிற இடத்தில் உங்கள் காதுக்கு இரண்டு துண்டுப் பஞ்சு கொடுக்க ஆள் இல்லை. நீங்களாக ஒருமுறை கழிவுப் பஞ்சைத் திணித்துக்கொண்டபோது, கூப்பிட்டால் கேட்காது, எடு என்று சூப்பர்வைசர் சத்தம் போட்டாராம். மாடசாமிதான் சொன்னார். அந்த ஹாலில் யாருக்குத்தான் கூப்பிட்டால் கேட்கும்? எல்லோரும் உதட்டைப் பார்த்தும் கையைக் காட்டியும்தான் பேசிக்கொள்கிறீர்கள். காது போனவனும் போகாதவனும் அங்கே ஒன்றுதான். அதனால்தான் உங்கள் காது போனது அங்கே யாருக்கும் தெரியவில்லை. கண்மாய்க்கரையில் பேச ஆள் இல்லை, அங்கேயும் தெரியவில்லை. வீட்டில் உங்கள் தவத்துக்கு நாங்களே காவல் இருந்தோம். இதைவிட வசதியாக ஒரு மனிதன் செவிடாக இருக்க முடியுமா?

உங்களைத் திட்டட்டுமா? திட்டத்தான் போகிறேன். என்னிடம் சொல்வதற்கு என்னங்க? வேலை போனால் போகட்டும், பூக்கட்டியாவது பிழைத்திருப்போமே. நான் என்ன ஊரைக் கூட்டி ஒப்பாரி வைத்திருப்பேனா? உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு பஸ் ஏறி மதுரைக்குப் போய் டாக்டரிடம் காட்டியிருப்பேன். தண்டவாளத்தில் நடக்காதீர்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருப்பேன். அந்த ஒரு வார்த்தை சொல்கிற உரிமையைக்கூட எனக்குக் கொடுக்காமல் வைத்துக்கொண்டீர்கள். அமைதி என்று எனக்குக் கதை சொன்னீர்கள். நான் சோறு போட்டுக்கொண்டே அதைக் கேட்டேன்.

அந்தப் பார்வை வேறு இருக்கிறது. என் முகத்தையே பார்த்தீர்களே, அது உதட்டைப் படிக்கத்தானா? புளி வாங்க வேண்டும் என்று நான் சொன்னது விளங்கத்தான் அப்படிப் பார்த்தீர்களா? காது நன்றாக இருந்த முதல் ஐந்து வருஷத்தில் என்னை எப்படிப் பார்த்தீர்கள் என்று யோசித்து யோசித்துப் பார்க்கிறேன். எனக்கு நினைவுக்கு வரவில்லை. நான் பேசி முடித்த பிறகும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருப்பீர்கள். அடுத்த வார்த்தைக்காகக் காத்திருந்தீர்களா, இல்லை சும்மா பார்த்தீர்களா? இதையாவது சொல்லிவிட்டுப் போயிருக்கலாம்.

அதற்குப் பிறகு ஞாயிறு தவறாமல் கண்மாய்க்குப் போகிறேன். வீசப் பழகிவிட்டேன். கெண்டை விழுகிறது, ஜிலேபி மீன் விழுகிறது, முள்ளைக் கழற்றி விட்டுவிடுகிறேன். பொம்பளை தூண்டில் போடுகிறாள் என்று முதலில் சிரித்தவர்கள் இப்போது சலித்துப்போய் விட்டுவிட்டார்கள். நீங்கள் சொன்னது பாதி உண்மை. தக்கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் மண்டைக்குள் ஓடுவது ஒன்றொன்றாக நிற்கத்தான் செய்கிறது. வீட்டு வாடகை நிற்கிறது, கம்பெனி மேஸ்திரியின் முகம் நிற்கிறது, அப்பாவின் இருமல் நிற்கிறது. கோபம் மட்டும் நிற்கவில்லை. தியானம் செய்தால் கோபம் போய்விடும் என்கிறார்களே, எனக்குப் போகவில்லை. அலைந்துகொண்டிருந்தது ஓர் இடத்தில் உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். யார் மேல் கோபம், எதற்குக் கோபம் என்பது இப்போது எனக்குத் தெளிவாகத் தெரிகிறது. அதற்காக உங்கள் கண்மாய்க்கு நன்றி சொல்லலாம், உங்களுக்கு அல்ல.

போன மாதம் ஒரு ஞாயிறு. எனக்குக் கொஞ்சம் முன்னால், கரையிறக்கத்தில், முதுகைக் காட்டிக்கொண்டு மாடசாமி உட்கார்ந்து தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார். நான் வந்ததை அவர் பார்க்கவில்லை. “தம்பி” என்று கூப்பிட்டேன். திரும்பவில்லை. சத்தமாகக் கூப்பிட்டேன். துவைத்துக்கொண்டிருந்தவர்கள் எதிர்க்கரையிலிருந்து நிமிர்ந்து பார்த்தார்கள், மாடசாமி பார்க்கவில்லை. ஒரு மண்கட்டியை எடுத்து அவர் தக்கைக்குப் பக்கத்தில் எறிந்தேன். தண்ணீர் தெறித்ததும் திடுக்கிட்டுத் திரும்பி என் முகத்தைப் பார்த்தார்.

எனக்கு அந்தப் பார்வை தெரியும். என்னைய மாதிரி எத்தன பேரு என்று அன்றைக்கு அவர் இழுத்ததன் அர்த்தமும் அப்போதுதான் விளங்கியது. நரம்பைச் சுற்றிக்கொண்டு நேராக அவர் வீட்டுக்குப் போனேன்.

செல்வி முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். எப்படித் தொடங்குவது என்று தெரியாமல், “ஒங்க வீட்டுக்காரரு ஒன்கூட நல்லாப் பேசுவாராட்டி?” என்றேன்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “பேச்சு கம்மிதாங்க்கா. ஆனா நான் பேசுனா எந்த வேலையா இருந்தாலும் விட்டுட்டு என் மூஞ்சியவே பாத்துக் கேப்பாரு. இந்தத் தெருவுல எவன் கேக்கான் அப்பிடி?”

அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் இருந்த கர்வம் என்னுடையது. கடைசி வருஷங்களில் நான் வைத்துக்கொண்டிருந்த அதே கர்வம். அதை நான் உடைக்க வேண்டும். சத்தியம் வேறு கொடுத்திருக்கிறேன். எழுந்து போய்விடலாமா என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தேன். பிறகு சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் நம்பவில்லை. “ஒங்களுக்கு நேர்ந்தது எனக்கும் நேரணுமாக்கும்” என்று முறத்தைக் கீழே போட்டாள். அந்த நேரத்தில் மாடசாமி வந்தார். என்னைப் பார்த்ததும் கடைக்குப் போகிறவரைப் போலப் பையை எடுத்துக்கொண்டு திரும்பிப் படியிறங்கினார்.

“கூப்புடு” என்றேன்.

“கெளம்புற ஆள எப்பிடிக்கா பின்னால...”

“கூப்புடுட்டி!”

மெதுவாகக் கூப்பிட்டாள். பிறகு சத்தமாக. மூன்றாவது தடவை அவள் போட்ட சத்தத்துக்குத் தெருவில் எல்லா வாசலிலும் தலை தெரிந்தது. அவர் பையை ஆட்டிக்கொண்டே போய்க்கொண்டிருந்தார். செல்வி செருப்புக்கூட இல்லாமல் ஓடினாள். சட்டையைப் பிடித்துத் திருப்பி, இரண்டு கையாலும் அவர் நெஞ்சில் அடித்து அடித்து அழுதாள். அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

எனக்குப் பொறாமையாக இருந்தது. சொல்லிவிடுகிறேன், வேறென்ன. அடிப்பதற்கு அவளுக்கு ஒரு நெஞ்சு இருந்தது.

அவரை இந்த வாரம் மதுரைக்குக் கூட்டிப் போகிறாள். “வேல போனாப் போகுதுக்கா, ஆளு வேணும்” என்கிறாள். அதற்குப் பிறகு மில் ஆபீஸுக்குப் போய்க் கேட்பது என்று நாங்கள் ஏழெட்டுப் பெண்கள் பேசி வைத்திருக்கிறோம். துரத்தினாலும் துரத்துவார்கள். என்ன ஆகும் என்று எனக்குத் தெரியவில்லை.

செல்வி அழுத அன்றைக்கு, அவள் வீட்டிலிருந்து என் வீட்டுக்குப் போகாமல் அந்தக் கேங்மேனைத் தேடிப் போனேன். இரண்டு வருஷமாக அவரிடம் யாருமே கேட்காத ஒன்றை எனக்குக் கேட்க வேண்டியிருந்தது. நானும் கேட்கவில்லை, போலீஸும் கேட்கவில்லை.

“அன்னைக்கு அவிய எந்தப் பக்கம் பாத்து நடந்துக்கிட்டு இருந்தாக?”

அவர் யோசிக்கவே இல்லை. “டவுனப் பாத்துத்தாம்மா. இருட்டுறதுக்குள்ள வீட்டுக்குப் போறவுக மாதிரி வெரசா நடந்தாக.”

என்னங்க, உங்கள் மேல் எனக்குக் கோபம் தீரவில்லை. தீரும் என்றும் தோன்றவில்லை. ஆனால் ஒரு வாக்குக் கொடுக்கிறேன். பதினாறாம் நாளில் நம் வீட்டில் காப்பி குடித்துவிட்டுத் தீர்ப்புச் சொன்ன ஒவ்வொருவர் வாசலிலும் போய் நிற்பேன். மில் வாசலில் நிற்பேன். கோதையின் பள்ளிக்கூட வாசலில் நிற்பேன். என் புருஷன் எங்களை விட்டுவிட்டுப் போகவில்லை, வீட்டுக்கு வந்துகொண்டிருந்தார் என்று சொல்வேன். கேட்காதவர்களுக்குத் தொட்டுச் சொல்வேன்.

இன்னும் கோபம் ஆறாத
உங்கள் மனைவி,
கோதையின் அம்மா பத்மா